தேசிய நீர்வழி எண் 4

1806 வாக்கில் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டுவித்தார். 1876–78 பஞ்சத்தில் பட்டினிக் கூலிகள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்ட, கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. வெட்டியவர் பெயரை வைக்கும் வழக்கம் எங்கே இருக்கிறது?

நீர்மட்டம் மாறும் இடங்களில் லாக் கட்டினார்கள்: இரு முனையிலும் கதவு, நடுவே தொட்டி. படகு நுழைந்ததும் பின்கதவை மூடி, மதகு வழியே நீரைச் சமமாக்கினால் முன்கதவு திறக்கும்.

கனடாவின் ரிடோ கால்வாய் 1832-இல்தான் திறந்தது. அங்கே இன்றும் பெரும்பாலான லாக் கதவுகளைக் கையால் சுழற்றித் திறக்கிறார்கள். 2007-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நாமும் சளைத்தவர்களா? 2008-இல் பக்கிங்காம் கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-இல் சேர்த்தோம். 2012-இல் மரபுச் சின்னங்களுக்கென ஆணையச் சட்டமும் போட்டோம். காவல் வேலை மட்டும் சேற்றுக்கும் ஆகாயத்தாமரைக்கும். இருவரும் சம்பளம் கேட்பதில்லை, விடுப்பும் எடுப்பதில்லை.

ஒரு காலத்தில் படகில் விறகு வந்த இந்த வழியில், எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையக் குழாய்கள் கசிந்து சாம்பல் வந்து சேர்ந்தது.

தெற்கே பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. நீர்வழியில் போக்குவரத்தே இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. 1995 முதல் ரயில் ஓடுகிறது.