குசன் உறைத் திணையியல்

பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து சில்லாலைப் பக்கம் போனாலும் மாதகல் பக்கம் போனாலும், விறாந்தைச் செற்றியில் நாலு குசன் இல்லாத வீடு அரிது. ஆயினும் அவற்றின் உறைக்கு இலக்கணம் செய்தாரில்லை. தொல்காப்பியர் காதலுக்கு வகுத்த ஏழு திணையும் உறைக்குப் பொருந்துவதால் அவற்றை இரவல் கொள்கிறோம்.

கைக்கிளை ஒருதலைக் காமம். 16 அங்குலக் குசனுக்கு 18 அங்குல உறை: உறைக்கு ஆசை, குசனுக்கு அந்த நினைப்பே இல்லை. வளரும் பிள்ளைக்குச் சட்டை தைத்துப் பழகிய கைகளில் இது மிகுதி. குசனோ வளராது, இலவம்பஞ்சாயின் இருக்க இருக்க அமுங்கும்.

பெருந்திணை பொருந்தாக் காமம். பருத்தித் துணியைத் தோய்க்காமலே வெட்டித் தைத்து, முதல் தோய்ச்சலில் அது சுருங்கியபின் இருவர் சேர்ந்து குசனைத் திணிப்பது. மடலேறுதலும் இத்திணைக்கே உரியது என்பர். பனைமட்டைக்கு இவ்வூரில் பஞ்சமில்லை எனினும் குசன் உள்ளே போக அது உதவாது.

அன்பொத்த ஐந்திணைக்கு விதி ஒன்றே: உறை குசனிலும் ஓரங்குலம் சிறிதாதல். 16 அங்குலத் துணி வெட்டி நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால் 15 மிஞ்சும். அற்றேல், சிறியதனுள் பெரியது புகுமாறு என்னை எனின், பஞ்சு விட்டுக்கொடுக்கும். பிறகு உள்ளிருந்து தள்ளிச் சுருக்கமெல்லாம் எடுத்துவிடும். இல்லறத்துக்கும் இதுவே விதி என்பார் உளர். நாம் குசனோடு நிற்போம். மூலையைச் சதுரமாகவே தைத்தால் பஞ்சு எட்டாமல் கூர்த்து நிற்கும். நாலங்குலம் முன்பிருந்தே தையலை மெல்ல உள்வாங்கி, மூலையில் அரை அங்குலம் உள்ளே திருப்புக. சதுரம் சதுரமாய்த் தெரியச் சதுரமில்லாமல் தைக்க வேண்டியிருக்கிறது.

இனி, ஐந்தும் வாய் மூடும் வகையால் வேறுபடும். பின்பக்கத்தில் இரு துண்டு நாலங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படிவது குறிஞ்சி, புணர்தல் வெளிப்படை. எம் கட்சியும் இதுவே. நாடா முல்லை, இருத்தற்குரியது. 1995 ஒக்டோபர் 30 வலிகாமமே பெயர்ந்தபோது எங்கள் வீட்டில் குசன்தான் இருந்தது. நாடா உறை காணி உறுதியோடு புறப்பட்டுவிட்டது. தெறி நெய்தல்: ஒன்று தொலைந்தால் அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்காத இரங்கல். வாயையே தைத்து மூடியது பாலை, தோய்க்கும்போதெல்லாம் பிரிவு. சிப் மருதம். 1913 இல் கிடியன் சண்ட்பக் எவ்வளவோ திருத்தியும் பாதிவழியில் ஊடும்.

இக்கலைக்கு முதலாசிரியர் யார்? 1820 இல் பண்டத்தரிப்புக்கு வந்த அமெரிக்க மிசன் டொக்டர் ஜோன் ஸ்கடர் அல்லர். அவர் ஊசி வேறு. அதே மிசன் 1824 இல் தொடங்கிய உடுவில் பெண்கள் பாடசாலையைச் சொல்வது பொருந்தும். அங்கே தையலும் பாடம். பின்வந்த கால்மெசின், 1990 இல் மின்சாரம் நின்றபோதும் நிற்கவில்லை.

வெல்குரோ எத்திணை என்று கொழும்பு மருமகள் கேட்டாள். திறக்கும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டு மருதத்தில் சேர்த்துவிட்டோம்.