இது புகார் அல்ல

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற எழுத்தர்,
சென்னைப் புறநகர்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்),
புது தில்லி.

பொருள்: வீட்டு இன்டர்நெட் – டெலிபோன் வயரா, கேபிள் வயரா என்று முடிவெடுக்க உதவியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. இந்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, 2004. 2. தங்கள் சேவைத் தர விதிமுறைகள், 2006. 3. எங்கள் தெருமுனைக் கம்பம்.

ஐயா,

தனிநபர் புகார்களைத் தாங்கள் விசாரிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். குறை இருந்தால் முதலில் கம்பெனிக்குப் போன் போட வேண்டும். அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். அந்த அதிகாரியும் அதே கம்பெனியில்தான் உட்கார்ந்திருப்பார். சர்வீஸ் முழுக்க அரசாங்க ஆபீசில் ஃபைல் தள்ளியவனுக்கு இந்த ஏற்பாட்டின் நயம் புரியாமல் போகுமா? ஆகவே இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது பாராட்டுக் கடிதம். பாராட்டை வாங்கிக்கொள்ள எந்த விதியும் தடை சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்கு இரண்டு வயர் வருகிறது. ஒன்று டெலிபோன் கம்பெனியின் செம்புக் கம்பி. இன்னொன்று கேபிள்காரருடையது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மனைத் தென்னை, மின்கம்பம் என்று மூன்று இடத்தில் இளைப்பாறிவிட்டு வருகிறது. மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. "ரெண்டுல எது நல்லதுன்னு பார்த்து ஒண்ணை வையுங்க மாமா" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். ரிட்டையர் ஆனவனுக்கு வேறு என்ன ஜோலி? தங்கள் ஆவணங்களை எல்லாம் இறக்கிப் படித்தேன். இறங்கியவரைக்கும்.

முதலில் டெலிபோன் வயர். டி.எஸ்.எல். என்பது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. நாம் பேசும் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே கம்பியில் சும்மா கிடக்கிற இடத்தில் டேட்டாவை ஏற்றிவிடுகிறார்கள். இரண்டையும் பிரிக்க ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்ன வெள்ளை டப்பி. ஆனால் செம்பு தூரம் தாங்காது. ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்பதற்குக் காகிதத்தில் 24 எம்.பி.பி.எஸ். வரை போட்டிருக்கிறது. அது எக்ஸ்சேஞ்சின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவருக்கு. மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளிப்போனால் அதில் ஒரு சில்லறைதான் மிஞ்சும். மனை வாங்குகிறவர்கள் வாஸ்து பார்க்கிறார்கள், நிலத்தடி நீர் பார்க்கிறார்கள், மூலப்பத்திரம் பார்க்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தவர் யாராவது உண்டா?

அந்தக் கம்பி எங்கள் தெருவுக்கு வரும் வழியில் ஒரு பில்லர் பாக்ஸ் இருக்கிறது. அதன் கதவுக்குப் பூட்டு கிடையாது, வயரால் கட்டியிருக்கிறது. உள்ளே கற்றை கற்றையாகக் கம்பிகள், நடுவே பல்லி முட்டைகள். எந்த ஜோடி யார் வீட்டுக்கு என்று ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிச் செருகியிருக்கிறது. லைன்மேன் நல்ல மனிதர். கம்பியின் மேல்தோலைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, மேலே பால் கவரைச் சுற்றிக் கட்டுவார். மழை பிடித்தால் மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "ஜாயிண்ட்ல தண்ணி இறங்கிருச்சு சார். மழை நிக்கட்டும், பார்த்துக்கலாம். வேற ஜோடி மாத்தி விடலாம்னா காலியாவும் இல்ல." வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை பெய்யும் என்பது டெல்லிக்கும் தெரிந்திருக்கும்.

கால் சென்டரில் பேசும் பெண்ணுக்கு எங்கள் தெருவில் மழை பெய்வது தெரியாது. "சார், டி.எஸ்.எல். லைட் சிமிட்டுதா, நிலையா எரியுதா?" என்பார். எரியவே இல்லை அம்மா என்றால், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பார். அதையும் பாராட்டித்தான் சொல்கிறேன். எரியாத விளக்கை ஆஃப் செய்வதில் ஒரு வேதாந்தம் இருக்கிறது.

சரி, கேபிளுக்குப் போகலாம் என்றால், அதன் கதையே வேறு. வெளிநாடுகளில் கேபிள் இன்டர்நெட் என்றால் டிவி வரும் அதே கோஆக்ஸியல் வயரில் டாக்சிஸ் என்ற முறைப்படி வருவது. 1997லேயே வந்துவிட்ட தரம் அது. இங்கே கேபிள் டிவி கோடிக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. ஆனால் வழியிலிருந்த ஆம்ப்ளிஃபையர்கள் பெரும்பாலும் படத்தை வீட்டுக்குத் தள்ள மட்டுமே தெரிந்தவை. வீட்டிலிருந்து ஒரு மெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் தெருத்தெருவாக மாற்ற வேண்டும். யார் பணம் போடுவது? அதனால்தான் 2010 வாக்கில்கூட இந்தியாவில் பிராட்பேண்ட் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் டி.எஸ்.எல். காரர்கள். 2004 முதல் கேபிள் டிவியும் தங்கள் பொறுப்பில் வந்துவிட்டதால், இரண்டு வயரும் ஒரே அதிகாரத்தின் கீழ்தான் இருந்தன, இருக்கின்றன என்பதைப் பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன்.

எங்கள் கேபிள்காரர் டாக்சிஸுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. நீல நிற லேன் வயரை மாடிக்கு மாடி இழுத்தார். நடுவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் சுவிட்ச் டப்பா ஒன்றை வைத்து, மழைக்கு அதன் மேல் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தார். டப்பாவுக்குக் கரண்ட் அந்த வீட்டிலிருந்து. அவர்களுக்கு மாதச் சந்தா இல்லை. கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். பொங்கலுக்கு அவர்கள் திருநெல்வேலி போனார்கள். தெருவுக்கே இன்டர்நெட் போய்விட்டது. "அங்கிள், அவங்க மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டாங்க. காணும் பொங்கல் முடிஞ்சு வந்துருவாங்க" என்றார் கேபிள்காரர். இதில் யாரைக் குறை சொல்வது? பூட்டிய வீட்டில் மெயினை அணைப்பது நல்ல பழக்கம்.

வேகம் எவ்வளவு என்று கேட்டால் செல்போனை நீட்டி, "பாருங்க அங்கிள், நூறு" என்று முள்ளைக் காட்டுவார். அந்த முள் அவருக்கு லைன் கொடுக்கும் கம்பெனியின் சர்வர்வரை ஓடிப்போய் ஓடிவந்து சொல்லும் கணக்கு. மருமகளின் ஆபீஸ் அந்த சர்வருக்குள் இல்லை என்பதுதான் சிக்கல். ஆனால் இந்த அளவுகோலைக் கேபிள்காரர் தாமாகக் கண்டுபிடித்ததாக நான் நினைக்கவில்லை. சந்தா கட்டிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று 2006 விதியில் தாங்கள் எழுதியபோது, கம்பெனியின் இணைப்பு முனையான நோடிலிருந்து வீடுவரை என்றே அளந்தீர்கள். நோடுக்கு அப்பால் உலகம் இருப்பதை விதி மறுக்கவில்லை, கண்டுகொள்ளவில்லை, அவ்வளவே. பிறகு 2009இல் வீட்டு பிராட்பேண்டுக்கு ஐம்பதுக்கு ஒன்று என்று பங்கீட்டு விகிதம் சொன்னீர்கள். ஐம்பது வீட்டுக்கு ஒரு தண்ணீர் லாரி. எல்லோரும் ஒரே நேரத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அதன் அடிப்படை. சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் தெருவைத் தாங்கள் பார்த்ததில்லை.

பிராட்பேண்ட் என்று எதைச் சொல்வது என்பதிலும் நம் பொறுமையை நான் வியக்கிறேன். 2004 கொள்கைப்படி 256 கே.பி.பி.எஸ். இருந்தால் பிராட்பேண்ட். 2013இல் அது 512 ஆயிற்று. 2015 ஜனவரியில் அமெரிக்க ஆணையம் 25 எம்.பி.பி.எஸ். இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று வைத்தது. ஏறக்குறைய நம்முடையதைப்போல ஐம்பது மடங்கு. நாம் பதறவில்லை. 2023 ஜனவரியில் நிதானமாக 2 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வந்தோம். 2010க்குள் 2 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் என்று 2004இல் இலக்கு வைத்து, கடைசியில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டினோம். அளவுகோல் 256ஆக இருந்தும் இந்த நிலை. ஒரு காலத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணிவரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. என் மகன் அலாரம் வைத்து எழுந்தது பரீட்சைக்கு அல்ல, அதற்கு.

நஷ்டஈட்டையும் மறக்கக் கூடாது. பழுது மூன்று வேலை நாளைத் தாண்டினால் ஏழு நாள் கட்டணம் தள்ளுபடி, ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள், பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாதம் என்று அந்த 2006 விதியில் அழகாகப் படிவரிசை போட்டிருந்தீர்கள். 2024 அக்டோபரில் புது விதிகள் வரும்வரை அது நடப்பில் இருந்தது. இதை நான் லைன்மேனிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கேபிள்காரரிடம் காட்டவில்லை. ரசீதே தராதவரிடம் எதைத் தள்ளுபடி கேட்பது?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் என் பாராட்டில் கிண்டல் இல்லை. 2004 ஏப்ரலில், டெலிபோன் கம்பெனியின் செம்புக் கம்பியை மற்றக் கம்பெனிகளும் வாடகைக்கு எடுத்து இன்டர்நெட் தர வழி செய்ய வேண்டும் என்று தாங்கள் பரிந்துரைத்தீர்கள். அது நடந்திருந்தால் அதே பில்லர் பாக்ஸுக்கு நாலு கம்பெனி காவல் காத்திருக்கும். ஒன்றாவது பூட்டு வாங்கியிருக்கும். அக்டோபரில் வந்த கொள்கையில் அரசு அதைக் கட்டாயமாக்கவில்லை. கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அவர்கள் ஏன் பேசப் போகிறார்கள்? பிரிட்டனில் பி.டி. கம்பெனியின் கம்பிகளை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டு, 2006இல் அதைக் கவனிக்க ஓப்பன்ரீச் என்று தனிப் பிரிவே வைத்தார்கள். இங்கே செம்பு ஈரத்தில் பச்சை பூத்தது. அதை ஆள் வைத்துப் பார்க்க யாருக்கும் அவசரம் இல்லாமல் போனதற்குக் காரணம் மழை மட்டும் அல்ல.

ஆகவே ஐயா, எது நல்லது என்று மருமகளுக்கு நான் தயாரித்த அறிக்கையில் வேகம், விலை, டேட்டா அளவு எதுவும் இல்லை. இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் போனை எடுப்பார், வரமாட்டார். இன்னொருவர் வருவார், போனை எடுக்கமாட்டார். எந்தத் தொழில்நுட்பம் வேண்டும் என்பதா இங்கே கேள்வி? யாரிடம் கெஞ்சுவது என்பதுதானே. கெஞ்சலுக்கு டெலிபோன் கம்பெனியில் பதிவு எண் கிடைக்கும். கேபிளில் டீ வாங்கிக் கொடுத்தால் போதும். இப்போதைக்கு இரண்டு சந்தாவும் கட்டுகிறேன். மழைக்காலத்தில் கேபிள், பண்டிகைக்காலத்தில் டெலிபோன் வயர். தீபாவளி மழையிலேயே வந்துவிடுவதால் அன்று மட்டும் மருமகள் லீவு.

தங்கள் அடுத்த விதிமுறையில் கீழ்க்கண்டவற்றைச் சேர்க்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பில்லர் பாக்ஸுக்கு ஒரு பூட்டு. சுவிட்ச் டப்பா உள்ள வீட்டார் ஊருக்குப் போனால் தெருவுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு. விளம்பரத்தில் "வரை" என்ற சொல்லை எந்த எழுத்து அளவில் போடுகிறார்களோ, அதே அளவில் மாதக் கட்டணத்தையும் போட வேண்டும். நூறு எம்.பி.பி.எஸ். வரை தருபவர்களுக்கு நானும் எழுநூறு ரூபாய் வரை தரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரட்டைச் சந்தாதாரர்.

நகல்:
1. லைன்மேன் அவர்கள் – தகவலுக்காக (மழை நின்றதும் அனுப்பப்படும்).
2. கேபிள்காரர் – வசூலுக்கு வரும்போது நேரில்.
3. மேல்முறையீட்டு அதிகாரி – பாராட்டுகளையும் அவரே விசாரிப்பதாக இருந்தால் மட்டும்.