குடம் நிறையும் காலம்: குழாய்நீர் அளவை குறித்து ஓர் ஆய்வு

குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கேட்டால் தெருவில் கிடைக்கும் விடைகள் இரண்டு: ‘நல்லா வருது’, ‘நூலாட்டம் வருது’. இவ்விரு அலகுகளையும் எந்தப் பாடநூலும் இதுவரை ஏற்காதது இத்துறையின் பெருங்குறை.

துறையின் மூத்த ஆய்வாளர் ஃபிரான்டினஸ். கி.பி. 97இல் ரோம் நகரின் தண்ணீருக்குப் பொறுப்பேற்றவர். அவர் கையாண்ட அலகு குயினாரியா, அதாவது சுமார் 2.3 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாய். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நீர் என்ற பேச்சே அதில் கிடையாது. குழாயின் வாய்தான் அளவு. வேகமாக வரும் நீர் கூடுதலாகப் பாயும் என்பது அவருக்குத் தெரியும். அதை எண்ணாக்கத்தான் வழி தெரியவில்லை. தலைவாயில் அளந்து பார்த்தபோது, ஏட்டில் இருந்ததைவிடச் சுமார் 10,000 குயினாரியா அதிகமாக வந்தது. அந்த மிகுதி நீர் வழியில் திருடப்படுகிறது என்று முடிவு கட்டினார்; பழியில் பெரும்பகுதி தண்ணீர்ப் பணியாளர்கள் தலையில் விழுந்தது.

குறுக்குப் பரப்பை வேகத்தால் பெருக்க வேண்டும் என்று கலிலியோவின் மாணவரான துறவி காஸ்டெல்லி 1628இல் எழுதினார். நூல் அச்சானதும் ரோமில்தான். ஆக, ரோமிலிருந்து ரோமுக்கு வந்துசேர இந்தக் கணக்குக்கு 1,500 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இனி அரை இன்ச் குழாய். உள்விட்டம் 15 மி.மீ. என்று கொண்டால் பரப்பு 1.77 சதுர செ.மீ. நீர் நொடிக்கு 1 மீட்டர் ஓடினால் நிமிடத்துக்கு 10.6 லிட்டர், 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் 85 நொடியில் நிறையும். (வரிசையில் இடையே புகும் குடத்துக்குச் சமன்பாடு கிடையாது.)

குயினாரியா செத்துவிட்டதா? இல்லை. போர் போடுகிறவர்கள் இன்றும் ‘ரெண்டு இன்ச் தண்ணி’ என்கிறார்கள். ‘வி’ வடிவில் வெட்டிய தகடு வழியே நீரை விட்டு, வெட்டுக்குள் அது நிற்கும் உயரத்தைப் பார்ப்பது வழக்கம். 90 பாகை வெட்டில் 1 இன்ச் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 8.5 லிட்டர், 2 இன்ச் என்றால் 48 லிட்டர். பக்கத்துத் தோட்டத்தில் ரெண்டு, நமக்கு ஒன்று, பாதியாவது கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொள்பவருக்குக் கிடைத்தது ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்.

குழாயடி அம்மாளின் முறை இவற்றைவிடச் சுத்தமானது. கொள்ளளவு தெரிந்த பாத்திரம், நிறைய ஆகும் நேரம்: ஆய்வுக்கூடங்களிலும் வாளியும் ஸ்டாப்வாட்சுமாக இதைத்தான் செய்கிறார்கள். அவருடைய கடிகாரம் அடுப்பிலிருக்கும் குக்கர். மூன்றாவது விசிலுக்கும் குடம் நிறையாவிட்டால், எதிர்வீட்டார் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள் என்று அறிவித்துவிடுவார். திருட்டு என்ற முடிவுக்கு அவரும் ஃபிரான்டினஸும் தனித்தனியே வந்திருக்கிறார்கள்.