பொன்னாடைப் படலம்

தொல்காப்பியர் புறத்திணை ஏழு என்றார். ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் அதைப் பன்னிரண்டாக விரித்தார். ஆநிரை கவர்வது முதல் அரணை வளைப்பது வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவைச் சூட்டிய இவ்விருவரும், தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளரை மேடையேற்றிப் பாராட்டுவது பற்றி வாய் திறக்கவில்லை. அந்நாளில் சிஎஸ்ஆர் இல்லை என்பது அவர்கள் பக்கத்து வாதம். கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று ஆனபின் அந்த வாதம் நிற்காது. ஆகவே ஒருவரைப் புகழ்ந்து பாடும் பாடாண் திணையில் விடுபட்ட துறை ஒன்றை இங்கே நிரப்புகிறோம்.

களப்பணியாளர் என்பவர் யார்? ஒரு தெருவுக்குள் நுழைந்ததும், 'குழுக் கடன் வசூலுக்கு வந்தீங்களா?' என்று கேட்கப்படுபவர். காலையில் கிராம நிர்வாக அலுவலர், மதியம் தலைமையாசிரியர், இரவு சப்-இன்ஸ்பெக்டர் என்று ஒரே நாளில் மூன்று தொனியில் பேசக் கற்றவர். காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரைத் தேடிச் செங்கல் சூளைக்குப் போவார். குழந்தைத் திருமணத்தை நிறுத்த மண்டபத்துக்குப் போய், பந்தியில் உட்காராமலே வயிறு நிறையத் திட்டு வாங்கித் திரும்புவார். நிறுவனரும் களத்தில்தானே தொடங்கினார், அவரையும் சேர்க்கலாகாதா எனின், கூடாது. நிறுவனர்க்குரிய பாராட்டு டெல்லி வரை நீளும். அதற்குத் தனிநூல் வேண்டும்.

இத்துறைக்கு முதற்பொருள்: நிலம், வாடகை குறைந்த கல்யாண மண்டபம். பெரும்பொழுது, மார்ச் 31க்குள் செலவழித்தே தீர வேண்டிய மாதம். சிறுபொழுது, அழைப்பிதழில் காலை 10 மணி, நடப்பில் பதினொன்றே முக்கால். கருப்பொருளில் தெய்வம் தலைமை விருந்தினர், பறை மைக்செட். மற்றவை வந்துழிக் காண்க.

இனிப் பாராட்டு, பொருள் வகையால் ஆடை, கேடயம், ஏடு, ஓசை, பூ, காசு என ஆறாகும்.

ஆடைக்கு முன்னோடி பேகன். ஆடும் மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதன்மேல் போர்த்தினான். மயில் கேட்கவில்லை. மயிலுக்குக் குளிரவும் இல்லை. ஆயினும் பேகனின் பெயர் கடையெழு வள்ளல்களுள் நின்றது. மயிலின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆடையால் வரும் புகழ் போர்த்தியவரையே சேரும் என்ற விதி இதிலிருந்து பெறப்படும். இக்காலப் பொன்னாடை குளிருக்கும் ஆகாது, வியர்வையையும் உறிஞ்சாது. அது நிலைத்த ஆடை, சுழலும் ஆடை என இருவகைப்படும். நிலைத்தது, வாங்கியவர் வீட்டு டிவியின்மேல் கிடப்பது. சுழல்வது, உறை பிரியாமல் அடுத்த விழாவில் வேறொருவர் தோளில் ஏறுவது. 2021இல் முதலமைச்சராகப் பதவியேற்ற ஸ்டாலின், தமக்குப் பொன்னாடையும் பூங்கொத்தும் வேண்டாம், புத்தகம் தாருங்கள் என்றார். அதன்பின் சுழற்சியில் புத்தகமும் சேர்ந்தது.

கேடயத்தைத் தும்பைத் திணையிலிருந்து கடன் வாங்கியிருக்கிறோம். அக்ரிலிக்கால் ஆனது. பெற்றவர் பெயர் எறும்பு ஊர்ந்தாற்போலவும், நன்கொடை தந்த கம்பெனியின் முத்திரை உள்ளங்கை அளவிலும் இருக்கும். போர்க்களத்துக் கேடயம் ஏந்தியவரைக் காத்தது; இந்தக் கேடயம் கொடுத்தவரை ஆண்டறிக்கையில் காக்கும். ஏடு என்பது சான்றிதழ். இதில் தலைப்பெழுத்து மாறியது, பெயரே மாறியது, பெயருக்கு இடம் விட்டு எழுத மறந்தது என மூன்றுக்கு மேல் விரிக்க ஒன்றுமில்லை.

ஓசைக்கு இலக்கியம் கொரோனாக் காலத்து 2020 மார்ச் 22 மாலை 5 மணி. மருத்துவப் பணியாளர் முதலியோருக்காக நாடு முழுவதும் கைதட்டியது, தட்டையும் தட்டியது. இங்கிலாந்தில் அதே மாதம் 26ஆம் தேதி தொடங்கிப் பத்து வியாழக்கிழமைகள் தட்டினார்கள். பூவுக்கு இலக்கியம் அவ்வாண்டு மே 3: விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மேல் பூத்தூவின. நம் களப்பணியாளர்மேல் ஓர் இதழும் விழவில்லை. அவர் மருத்துவமனைக்குள் இல்லை. அரிசி மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு, ஈ-பாஸ் எங்கே என்று கேட்ட போலீஸ்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பூமாரி இலக்கைப் பார்த்துப் பெய்வது அன்று, கூரையைப் பார்த்துப் பெய்வது என்க.

காசு வகைக்கு ஆஷா பணியாளரைக் காட்டுவோம். அவர்கள் அரசுத் திட்டத்தினர், தொண்டு நிறுவனத்தார் அல்லரே எனின், அரசே அவர்களை ஊழியர் என்னாமல் தன்னார்வலர் என்று கணக்கில் வைத்திருப்பதால் ஒருபுடை ஒப்புமை பற்றிச் சேர்த்தோம். 2022 மே மாதம் உலக சுகாதார அமைப்பு ஆறு விருதுகளை அறிவித்தது. ஒன்று இந்தியாவின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஷா பெண்களுக்கு. இன்னொன்று, அவ்வாண்டு பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானில் சுட்டுக் கொல்லப்பட்ட எட்டுப் போலியோ பணியாளருக்கு. ஆஷாக்களின் வழக்கமான பணிகளுக்கு மத்திய அரசு 2018இல் நிர்ணயித்த ஊக்கத்தொகை அப்போது மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. உலக விருதும் உள்ளூர்ப் பற்றுச்சீட்டும் ஒரே கைக்கு வந்தால் எது பாராட்டு, எது கூலி என்று பிரிக்கும் கருவி இலக்கணத்தில் இல்லை.

பொருளைச் சொன்னோம், இனிச் செய்முறை. வீழ்ந்த மறவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலையாகப் பகுக்கும். பாராட்டு விழா இந்த ஆறையும் ஒன்று விடாமல் பின்பற்றுகிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி: அலுவலகத்தில் கூடி, 'போன வருஷம் யாருக்குக் கொடுத்தோம்?' என்று கேட்பது. கால்கோள், தலைமை விருந்தினரின் தேதி வாங்குவது. மூன்று முறை மாறினாலன்றி அது கால்கோள் ஆகாது. நீர்ப்படை, கல்லைக் கழுவித் தூய்மை செய்வது: பெண் பணியாளர் எல்லாரும் ஒரே நிறச் சேலையில் வர வேண்டும் என்று முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் அறிவிப்பது. நடுதல், மேடையில் வரிசையாக நிறுத்துவது. நட்ட கல் பேசாதவாறு இவர்களும் பேசப் பணிக்கப்படுவதில்லை. பெரும்படை, புளிசாதம், தயிர்சாதம். வாழ்த்தல், எம்.பி.யோ தொழிலதிபரோ, 'இவர்கள்தான் உண்மையான கடவுள்கள்' என்பது. வேறுபாடு ஒன்றுண்டு: நடுகல் இறந்தார்க்கு, இது உயிரோடு இருப்பார்க்கு. மூன்று மணி நேர உரைகளுக்குப் பின் அவ்வேறுபாடும் மங்கும் என்பார் சிலர். அது நகை கருதிய கூற்று, கொள்ளற்க.

மேடையேறுவோரை நாணி நிற்பவர், போனைப் பார்ப்பவர், வராதவர் என மூவராகக் கொள்ளலாம். முதலாமவரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். இரண்டாமவரை அவைப்பண்பு அறியாதவர் என்று கடிவது பிழை. மேடையில் நிற்கும்போதும் அவருக்கு அழைப்பு வரும். எடுக்காவிட்டால் ஒரு பெண் தான் தப்பி வந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பப்படுவாள். மூன்றாமவரே தலையாயவர். 'இன்று வர இயலாத காரணத்தால்' என்று மைக்கில் சொல்லி, அவர் கேடயத்தைக் கோஆர்டினேட்டர் வாங்கிக்கொள்வார். என்ன காரணம் என்று அவையில் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் விழாவில் சொல்லத் தகுந்த ஒரே செய்தி அதுவாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வரும். சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்றவர். அதியமான் அவரை நேரில் காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பியபோது வாங்க மறுத்தார். தம் தகுதியை அறிந்து தருவது தினையளவே ஆனாலும் போதும் என்பது அவர் கட்சி. ஆகவே பாராட்டின் அடிப்படைப் பகுப்பு ஆடை, கேடயம் என்பதன்று. கண்டு தருவது, காணாது தருவது என்பதே. மேலே சொன்ன ஆறு வகையும் இவற்றுள் எதில் அடங்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அஃதேல், நன்கொடையாளர் விசிட் வருகிறார்களே, அது காண்டல் ஆகாதா? ஆரத்தி, இளநீர், குழந்தைகளின் வரவேற்பு நடனம், குழுப் படம், கார் என்று முடிவது காட்டல், காண்டல் அன்று. களப்பணியாளரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஒரு நாள் முழுதும் போனவரே கண்டவர். அத்தகையோர் அரியர். அவரைக் கண்டுபிடிப்பது எளிது: இறங்கியதும் 'பெரிய சேவை' என்று சொல்ல மாட்டார், 'பெட்ரோலுக்கு எவ்வளவு தர்றாங்க?' என்று கேட்பார்.

அந்தக் கேள்வியை வைத்தே இந்நூல் முதல்தரப் பாராட்டை வரையறுக்கிறது. பெட்ரோல் பில் அந்த மாதமே பாஸாவது. பி.எஃப். பிடித்த பணம் கணக்கில் ஏறியிருப்பது. ஒரு குழந்தையின் சாவைப் பார்த்து வந்தவருக்கு மறுநாள் ரிப்போர்ட் கேட்காமல் இருப்பது. பணிக்கொடை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கொடைக்கு ஐந்தாண்டு தொடர்பணியைக் கேட்டது. ப்ராஜெக்டுகளோ பெரும்பாலும் மூன்றாண்டில் முடிந்து, புதுப் பெயரில், புது ஒப்பந்தத்தில் பிறக்கும். பத்தாண்டு உழைத்தவரும் ஏட்டில் எப்போதும் புதியவர். 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தப் பணியாளருக்கு அந்த ஐந்தாண்டு நிபந்தனையைத் தளர்த்தியிருக்கிறது. அதே ஆண்டுதான் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தம், அப்பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20ஆக இறக்கியது. விழாச் செலவை மட்டும் 'திறன் வளர்ப்பு' தலைப்பில் எழுதி வரம்புக்குள் கொண்டுவரும் திறன் எல்லா அக்கவுண்டன்டுக்கும் உண்டு.

பெற்றவர் வாய் திறந்து இதையெல்லாம் கேட்கலாமா எனின், முன்மாதிரி பேகனிடமே இருக்கிறது. அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த காலத்தில் கபிலரும் பரணரும் அவனைப் பாடினார்கள். அவர்கள் வேண்டியது பொன்னும் யானையும் அல்ல. நீ வீட்டுக்குப் போ என்பதையே பரிசிலாகக் கேட்டார்கள். பொன்னாடை வேண்டாம், ஏழு மாதமாகக் கிடக்கும் டி.ஏ. பில்லில் கையெழுத்துப் போடுங்கள் என்று மேடையிலேயே கேட்கும் களப்பணியாளருக்கு மரபின் ஆதரவு முழுக்க உண்டு. இதுவரை ஒருவரும் கேட்டதாக ஏடுகளில் இல்லை.

புறனடை: ஆறு நிலைக்கும் அப்பால், எவ்வுரையாசிரியரும் பெயரிடாத ஏழாம் நிலை ஒன்று உண்டு. நன்றியுரையில் மைக்செட்காரர், சமையல்காரர், போட்டோகிராபர் வரை பெயர் சொல்லி முடித்ததும், மாலை ஐந்துக்குள் மண்டபத்தைக் காலி செய்யாவிட்டால் அடுத்த வாடகை விழும் என்று மேனேஜர் வந்து நிற்பார். அப்போது தோளில் கிடக்கும் பொன்னாடையை இடுப்பில் செருகிக்கொண்டு விருது பெற்றவர்களே நாற்காலிகளை அடுக்கத் தொடங்குவார்கள். பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். பதினொன்று வைத்தால் சரியும்.