பத்து கிராம் குறையுதம்மா

அமெரிக்காவில் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டால், பல நிறுவனங்கள் ஓர் அட்டவணையை எடுத்து விரிக்கும். பால் ஷ்னர் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் கூட்டாளிகளும் 1991-இல் வெளியிட்டது. உயரம், எடையை வைத்து உடல் பரப்பளவைக் கணக்கிட வேண்டும். 1.70 சதுர மீட்டரா? ஒவ்வொரு மார்பிலிருந்தும் 370 கிராமாவது எடுத்தாக வேண்டும். 360தான் தேறுமா? அப்படியானால் அது அழகுக்காகச் செய்வது, கைக்காசைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து கிராமில் பத்து வருஷ முதுகுவலி அலங்காரமாகிவிடுகிறது. நகைக்கடைக்காரராவது செய்கூலி, சேதாரம் என்று ஏதாவது பேச இடம் கொடுப்பார்.

அதற்கு முன்பே பிசியோதெரபி, வலி மாத்திரை, பிரா பட்டை தோளில் பறித்த பள்ளத்தின் புகைப்படம் எல்லாம் கோப்பில் ஏறியிருக்க வேண்டும். கூடவே, “கொஞ்சம் எடையைக் குறைத்துப் பாருங்களேன்.” மார்பின் பாரத்தில் ஓட முடியவில்லை என்றுதானே அந்தப் பெண் வந்ததே! மீறி ஓடிக் குறைத்தால் மார்பும் வற்றலாம். அப்புறம் வெட்டக் கிராம் போதாது.

வெட்டியது ஆய்வகத் தராசுக்குப் போகிறது. மயக்கம் தெளிந்தவள் கண்ணைத் திறந்ததும் கேட்கிறாள்: “டாக்டர், எவ்வளவு தேறிச்சு?”