சமக்குறியைத் தாண்டும் எழுத்துகள்: ஓர் ஆய்வு

பள்ளி இயற்பியலில் சூத்திரத்தை மாற்றி எழுதுவதற்கு வழங்கிவரும் கோட்பாடு ஒன்றுதான்: கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தல், பெருக்கல் போனால் வகுத்தல். இதைக் குடிபெயர்வுக் கோட்பாடு என்போம். சமக்குறியைத் தாண்டும் கணத்தில் எழுத்துக்குக் குணம் மாறிவிடுகிறதாம். ஏன் மாறுகிறது என்று விசாரிப்பார் இல்லை. இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று சொல்லி 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை அச்சேற்றியபோது அதில் வாசல் ஏதும் வைக்கவில்லை. எழுத்து எங்கும் போவதில்லை என்பதே நம் துணிபு. இருபுறமும் ஒரே காரியத்தைச் செய்கிறோம். ஒருபுறம் அழிந்தது மறுபுறம் முளைக்கிறது. பார்ப்பவருக்குப் பயணமாகத் தெரிகிறது.

சான்று, தனி ஊசல். டி = 2 பை √(எல்/ஜி). இதில் ஜி வேண்டும். குடிபெயர்வில் ஊறிய மாணவர் ரூட்டை அந்தப் பக்கம் அனுப்புகிறார். அது டி-யின் தலையில் வர்க்கமாக ஏறி உட்காருகிறது. 2 பை ரூட்டுக்கு வெளியே நின்றதால் அதை யாரும் தொடுவதில்லை. ஆக, ஜி = 2 பை எல்/டி². இருபுறத்தையும் முழுதாக வர்க்கப்படுத்தியிருந்தால் 4 பை² வந்திருக்கும். ஊசலின் நீளம் 1 மீட்டர், 20 அலைவுக்கு 40.2 வினாடி என்று வைப்போம். முறையான வழியில் ஜி 9.77; குடிபெயர்ந்த வழியில் 1.56. நிலாவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62. ஒரு 2 பை வர்க்கமாகத் தவறியதால் ஆய்வுக்கூடமே, ஸ்டாண்டும் தக்கையும் குண்டுமாக, ஏறக்குறைய நிலாவில் போய் இறங்கிவிடுகிறது.

பரீட்சை ஹாலில் இது நேரத்தை மிச்சப்படுத்துகிறதே என்பார்கள். ஓம் விதியில் சரி. மூன்றே எழுத்து, ஒரே பெருக்கல், அங்கே எந்தக் கோட்பாடும் பிழைத்துக்கொள்ளும். எஸ் = யூடி + ½ஏடி² என்பதில் டி-யைக் கேட்டால், இரண்டு இடத்தில் நிற்கும் டி-யில் எதை அனுப்புவது, எதை நிறுத்திக்கொள்வது? அடுத்த ஆட்சேபம் கனமானது: ஜி 9.8 என்பது ஊரறிந்த விஷயம், 1.56 வந்தால் மாணவருக்கே உறைக்காதா? உறைக்கும். உறைப்பதால்தான் ரெக்கார்டு நோட்டில் வேலை தலைகீழாக நடக்கிறது: ஜி-க்கு 9.8 போட்டு, டி-யைக் கணக்கிட்டு, அளவீடு என்ற கட்டத்தில் நிரப்புவது. ஜி-யைப் பிரித்தெடுக்கத் தெரியாதவர் டி-யைப் பிரித்தெடுத்துவிட்டாரே என்று மறுகட்சி கொண்டாடலாம். ஆனால் கையிலிருப்பது குடிபெயர்ந்து வந்த அதே ஜி = 2 பை எல்/டி² என்றால், டி 0.8 வினாடி என்றுதான் வரும். மேசைமேல் ஸ்டாப்வாட்ச் 40.2-இல் நிற்க, நோட்டில் அந்த 1 மீட்டர் ஊசல் 20 அலைவையும் 16 வினாடியில் ஆடி முடித்திருக்கும்.