கூட்டத்துக்குப் போகாத கண்ணு

ஏங்கண்ணு, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகோணுமான்னு இந்த அப்பாரு கிட்டக் கேக்கறயே, உனக்கென்ன வேற சோலியே இல்லியா? கல்குவாரி வந்தா நல்லதுதான். கிணத்துல தண்ணி கீழ போயிரும், எட்டிப் பாக்கற சிரமம் மிச்சம். மரவள்ளி மேல வெள்ளையாத் தூசி படியும். ஆலைக்குப் போறதுக்கு முன்னாடியே கிழங்கு பாதி மாவாயிருக்கும். வெடிச் சத்தத்துக்குப் பயந்து பண்ணைக் கோழி ஒரே நாள்ல ரெண்டு முட்டை போட்டாலும் போடும். நாமக்கல்லுக்குப் பெருமைதானே?

அதனால நீ போகாத. ஆனா நீ போகலைன்னா கூட்டம் நின்னுரும்னு மட்டும் நெனைச்சுக்காத. 2006 செப்டம்பர் 14-ந்தேதி வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில தெளிவா எழுதி வெச்சிருக்கறாங்க: இத்தனை பேர் வந்தாத்தான் ஆரம்பிக்கோணும்ங்கற கணக்கே கிடையாது. நம்மூரு சொசைட்டிக் கூட்டத்துக்குக்கூடக் கோரம் கேக்கறான். இதுக்குக் கலெக்டரு, இல்லைன்னா அவருக்குப் பதிலா வர்ற பெரிய அதிகாரி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரரு, வீடியோ எடுக்கற பையன், இவங்க இருந்தாப் போதும். காலி நாற்காலிக்கு ஆட்சேபணை ஏது?

எட்டுவழிச் சாலைக் கதை ஞாபகம் இருக்குதா? 2018-ல சேலத்துல இருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபா, அஞ்சு மாவட்டம். காட்டுக்காரன் எந்திரிச்சுப் பாத்தா தோட்டத்துல கல்லு நட்டிருக்குது. நம்ம பக்கம் கல்லு நட்டாப் பொங்க வெச்சுக் கும்பிடுவோம். இது என்ன சாமின்னு கேட்டவங்களைப் போலீசு வேன்ல ஏத்துச்சு. ஆட்சேபணை சொல்ல 21 நாள் சட்டத்துல இருந்துச்சு. கல்லு நடறதுக்கு இருந்த அவசரம் பதில் சொல்றதுக்கு இல்ல.

அந்த ரோட்டுக்கு ஒரு அறிக்கை தயார் பண்ணியிருந்தாங்க. அதுல சீன நாட்டு ஊரு பேரு ரெண்டு கிடந்துச்சு: சியான், குவாங்சோ. ஐகோர்ட்டே அதைப் பாத்துட்டு, எங்கயோ இருந்ததை எடுத்து ஒட்டியிருக்கறாங்களான்னு கேட்டுச்சு. அரியானூர்ல கிளம்பற ரோடு குவாங்சோ போகோணும்னா டோல்கேட்டுக்கே காட்டை வித்தாகோணும். காடுதான் இல்லியே, அது ரோட்டுக்குப் போச்சே!

2019 ஏப்ரல் 8-ந்தேதி ஐகோர்ட்டு, முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்காம நிலத்தை எடுக்கற அறிவிக்கை செல்லாதுன்னுருச்சு. சனங்க பட்டாசு வெடிச்சு, நட்ட கல்லைப் பிடுங்குனாங்க. அடுத்த வருசம் டிசம்பர் 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, அறிவிக்கை செல்லும், வேலை தொடங்கறதுக்கு முன்னாடி அனுமதி வாங்குனாப் போதும்னுருச்சு. ஆனாப் பட்டாவுல மாத்துன பேரைத் திருப்பி விவசாயி பேருக்கே எழுதுங்கன்னு ஐகோர்ட்டு சொன்னதை மட்டும் தொடாம விட்டுருச்சு. பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடியே ஜாதகம் பாக்கோணுமா, தாலி கட்டறதுக்கு முன்னாடி பாத்தாப் போதுமாங்கறதுதான் வழக்கு. ஜாதகமே வேண்டாம்னு ரெண்டு கோர்ட்டும் சொல்லல, அதைக் கவனிச்சயா?

நம்ம குவாரியோட ஜாதகம், அதான் சுற்றுச்சூழல் அறிக்கை, இப்ப ஒன்றிய ஆபீசுல கிடக்குது. கலெக்டர் ஆபீசுலயும் வெச்சிருப்பாங்க. தலையணை மாதிரி இருக்கற அறிக்கையைப் படிச்சு மண்டையை உடைச்சுக்காத. சுருக்கம் தமிழ்ல இருந்தாகோணும். அதுல நம்ம கிணறு இருக்குதான்னு தேடு. ஒரு குவாரிச் சுருக்கம், பேரு எதுக்கு, நான் படிச்சிருக்கறேன். பக்கத்துல நீர்நிலை எதுவும் இல்லைன்னு போட்டிருந்துச்சு. நான் அதைப் படிச்சது ஏரிக்கரையில உக்காந்து.

கூட்டத்துக்கு முன்னாடி குடுக்கற இந்த 30 நாளு நோட்டீசு, தமிழ்ச் சுருக்கமெல்லாம் ஆருக்கோ உறுத்தியிருக்குது. 2020-ல மத்திய அரசு அந்த அறிவிக்கைக்குப் பதிலாப் புது வரைவு ஒண்ணு போட்டுச்சு. அதுல 30 நாளை 20 ஆக்கியிருந்தாங்க. அந்த வரைவை 22 மொழியிலயும் போடச் சொல்லி டெல்லி ஐகோர்ட்டு உத்தரவு போட, அதை எதிர்த்து அரசு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. நம்ம கிட்டக் கருத்துக் கேக்கோணும், ஆனா என்ன கேக்கறாங்கன்னு நமக்குப் புரிஞ்சறக் கூடாது. எனக்கும் இது பழக்கந்தான், உங்க அப்பத்தா கிட்ட நானும் இப்படித்தான் கேப்பேன்.

அதுக்கும் மேல கூட்டத்துக்குப் போவேன்னு அடம் பிடிச்சீன்னா, நம்மாளுக மாதிரியே நடந்துக்க. மிச்சர் பொட்டலத்தை வாங்கிக்க. மைக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் கத்து. அப்புறம் வெளிநடப்புப் பண்ணு, எதிர்க் கடையில டீ நல்லா இருக்கும். கடைசி வரைக்கும் மட்டும் உள்ள இருந்துறாத. ஏன்னா கடைசியிலதான் பேசுனதையெல்லாம் வாரியத்துக்காரரு எழுதுனபடி தமிழ்ல படிச்சுக் காட்டோணும், அன்னிக்கே கலெக்டரு கையெழுத்துப் போடோணும். கத்துனவனுக்கு அதுல "எதிர்ப்புத் தெரிவித்தனர்"னு அரை வரி கிடைக்கும். சர்வே நம்பரைச் சொல்லி, என் கிணறு ஏன் வரைபடத்துல இல்லைன்னு கேட்ட கிழவிக்குத் தனி வரி. அந்த வரிக்குக் குவாரிக்காரன் பதில் எழுதித்தான் மேல அனுப்போணும்.

ஒண்ணை மறைக்கக் கூடாது. அந்தக் கூட்டத்துல ஓட்டு எடுக்க மாட்டாங்க. வேண்டாம்னு ஊரே சொன்னாலும் முடிவு பண்றது வேற இடம். அதுக்காக வாயை மூடிக்கிட்டவங்க கதையும் பாத்தாச்சு. சேர்வராயன் மலையில பொறக்கற திருமணிமுத்தாறு சேலத்துக்குள்ள வந்து சாயத்தையும் சாக்கடையையும் வாங்கிக்கிட்டு, நம்ம நாமக்கல் சீமை வழியாப் போயிக் காவேரில சேருது. அதுல நான் சின்னப் பையனாக் குளிச்சிருக்கறேன். உன்னோட மகனை இறக்குவயா?

நோட்டீசு ஒட்டி இன்னியோட 11 நாள் ஆச்சு. மிச்சம் 19. ஒன்றிய ஆபீசு பத்து மணிக்குத் திறப்பாங்க. பட்டாவை எடுத்துக்க, எங்கண்ணாடியையும் எடுத்துக்க. நீ போகாத கண்ணு. நான் போறேன், வண்டியை மட்டும் நீ ஓட்டு.